அப்பாவிடம் யார் சொல்வது

பிப்ரவரி 3

அக்கா,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமும் காட்டாதே. உன் ரூம்மேட்டிடம்கூட வேண்டாம். அவள் சிரிப்பாள், சிரித்ததை இன்னொருத்தியிடம் சொல்வாள், அது எப்படியோ சுற்றி வந்து அம்மாவின் போனில் விழும். படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை ஒரே குப்பைத் தொட்டியில் போடாதே.

உன் கடிதத்தை என் சிநேகிதி சோடாபுட்டி இன்று கணக்கு வகுப்பில் கொடுத்தாள். அவள் வீட்டு விலாசத்துக்கு எனக்கு ஏன் கடிதம் வருகிறது என்று அவள் அம்மா கேட்டார்களாம். கட்டுரைப் போட்டி என்று சொல்லி வைத்திருக்கிறாள். இனி நான் ஏதாவது ஒரு போட்டியில் பரிசு வாங்கித்தான் ஆகவேண்டும்.

கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன், வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க. உன் அறை இப்போது என் அறை. இருந்தாலும் அலமாரியில் உன் தட்டில் நான் எதையும் வைக்கவில்லை.

அக்கா, நீ எழுதியிருப்பது உனக்கு ஒரு வரி. "ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு." எனக்கு அது பூனைக்கு மணி கட்டும் வேலை. போன ஜூலையில் நீங்கள் இருவரும் போனில் சண்டை போட்டபிறகு, நீ சொன்னதை நான் அவரிடம் போய்ச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? பாதி சொல்வதற்குள், "இந்த வீட்ல இனிமே யாரும் யாருக்கும் தூது போக வேண்டாம். சொல்லணும்னா நேரா வந்து சொல்லட்டும்" என்று கத்தினார். மாடி வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிற்று. அன்றிலிருந்து அவர் எது சொன்னாலும் சத்தமாகத்தான் சொல்கிறார். உப்பு கேட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அம்மாவிடம் மெதுவாக விஷயத்தை எடுத்தேன். "நான் என்ன தபால்காரியா? அவ பொண்ணு, அவர் அப்பா. நடுவுல நான் எதுக்கு?" என்றாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஆள் குறைவாம். வீட்டுக்கு வந்ததும் கால்களை நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

எனக்கே சில விஷயங்கள் புரியவில்லை. மாணவர் பரிமாற்றம் என்று எழுதியிருக்கிறாயே, உனக்குப் பதிலாக அங்கிருந்து ஒருத்தியை அனுப்புவார்களா? அவள் நம் வீட்டுக்கு வருவாளா? அந்தப் படிப்பு இங்கே செல்லுமா? முக்கியமாக, நீ திரும்பி வருவாயா? மூன்றாவது மாடி அத்தையின் மகன் ஒரு வருஷம் என்றுதான் போனான். இப்போது அவனிடமிருந்து போட்டோ மட்டும்தான் வருகிறது.

பயத்தோடு,
உன் தங்கை


பிப்ரவரி 7

என் பயந்தாங்கொள்ளிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது. ரூம்மேட் என் தலையணையைத் தொடமாட்டாள், நான் அதை மூன்று மாதமாகத் துவைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். எனக்குப் பதிலாக யாரும் நம் வீட்டுக்கு வரமாட்டார்கள். அங்கிருந்து சிலர் எங்கள் கல்லூரிக்கு வந்து எங்கள் விடுதியிலேயே தங்குவார்கள். ஆகஸ்டில் போய் டிசம்பர் கடைசியில் திரும்ப வேண்டும். கட்டணம் இங்கே கட்டுவதுதான், தங்குமிடத்துக்கு உதவித்தொகை உண்டு. அங்கே எடுக்கும் பாடங்களுக்கு ஈடாக இங்கே சில பாடங்களைக் கழித்துக்கொள்வார்கள். அதற்காக ஒரு வாரமாக எங்கள் துறைத் தலைவரின் அறை வாசலில் காவல் கிடக்கிறேன். மூன்று பாடங்கள் பொருந்திவிட்டன. நாலாவதைப் பார்த்து, "இது நம்ம பாடத்துல பாதிதானே?" என்கிறார். மீதிப் பாதியைத் திரும்பி வந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறாராம். மனுஷன் டீ குடிப்பதற்கே யோசிப்பார்.

ஏன் போக வேண்டும் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிலத்தடி நீரைப் பற்றி இங்கே படமாகத்தான் படிக்கிறோம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆற்றங்கரையில் சொந்தமாகக் கிணறுகள் இருக்கின்றன. மாணவர்களே இறங்கி அளக்கிறார்கள், மழைக்கு முன்னால் எவ்வளவு, மழைக்குப் பின்னால் எவ்வளவு என்று. எனக்கு அதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அங்கேயே தங்கிவிட அங்கே என்ன இருக்கிறது? நீயும் இல்லை.

அப்பாவிடம் நானே சொல்லலாமே என்பாய். ஜூலையில் நானேதான் சொன்னேன். கணக்கியலை விட்டுவிட்டு நீரியலுக்கு மாறிவிட்டேன் என்று, காரணத்தோடு, அழுதுகொண்டே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "சரி, உடம்பைப் பாத்துக்கோ." சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "நான் சொன்னது கேட்டுச்சா இல்லையாப்பா?" என்று நான் கத்தியது காற்றில் போயிற்று. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதில் சொல்லக்கூட லாயக்கில்லாதவளாக ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் போன் செய்த ஒவ்வொரு முறையும், "இரு, அம்மாகிட்ட தர்றேன்." நானும் அவர் மகள்தானே, எனக்கும் பிடிவாதம் உண்டு.

ஆனால் இதில் அவர் சம்மதம் இல்லாமல் நடக்காது. இருபத்தொரு வயது ஆகாதவர்களின் அப்பா அம்மா இருவரிடமும் பரிமாற்ற அலுவலகம் வீடியோவில் தனித்தனியாகப் பேசும். போன வருஷம் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமலே விமானம் ஏறிவிட்டாள், அதிலிருந்து இந்த விதி. அதனால் நீதான் முதலில் காதில் போட்டு வைக்க வேண்டும். வேலையிலிருந்து வந்து கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தபிறகு சொல். பசியோடு இருக்கும்போது சொல்லாதே. "தேர்ந்தெடுத்திருக்காங்க" என்று தொடங்கு. "போறா" என்று தொடங்காதே.

உன்னால் முடியும்டி.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று அம்மாவுக்கு மாலை ஷிஃப்ட். அப்பா வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழக்கம்போல சோப்புத் தூளைப் போட்டு முழங்கை வரை கிரீஸைத் தேய்த்துக் கழுவினார். ஏதோ பெரிய கட்டடத்தில் லிஃப்ட்டின் கம்பிக்கயிறு மாற்றினார்களாம், அது மட்டும் சொன்னார். நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நீ சொன்னபடியே "தேர்ந்தெடுத்திருக்காங்க" என்று தொடங்கினேன். ஆகஸ்ட், டிசம்பர், கிணறு, ஆறு எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கட்டணம் இதேதான் என்றேன். திரும்பி வந்துவிடுவாள் என்று இரண்டு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை எனக்காக. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தியபிறகு தட்டில் இருந்ததை முடித்தார், டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தார், எழுந்து போய்விட்டார்.

நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? நான் சொல்லத் தேவையில்லை. "பார்க்கலாம்" என்றால் இல்லை. "அம்மாவைக் கேளு" என்றாலும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தால் சரி. உன் விடுதிக்கும் அப்படித்தானே சம்மதித்தார். எனக்கு சைக்கிள் வாங்கியதும் அப்படித்தான்.

அம்மா வந்ததும் சொன்னேன்.

"அவரா? வாயைத் திறந்து சொன்னாரா?"

"தண்ணி குடிச்சார்மா."

அம்மா பையை இறக்கி வைத்தாள். "என்கிட்ட இப்பல்லாம் அதுகூட இல்ல. உங்களுக்காவது குடிக்கிறாரே" என்றாள். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து எப்போது கூப்பிட்டாலும் தான் பேசுவதாகச் சொல்லிவிட்டாள்.

அக்கா, நான் செய்துவிட்டேன். அவர் கத்தவே இல்லை.

உன் தங்கை


பிப்ரவரி 14

என் வீராங்கனைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நல்ல வேளை, டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாய்.

அலுவலகத்தில் போய் உறுதி சொல்லிவிட்டேன். விடுதி அறையை ஆகஸ்டிலிருந்து விட்டுவிடுகிறேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுபடி வேண்டும் என்றால் அந்த அறை கிடைக்காது, வரிசையில் நிற்கிறார்கள். பரிமாற்றப் பட்டியலில் எனக்கு அடுத்த இடத்தில் காத்திருந்த பெண் கண் கலங்கிவிட்டாள். அவளும் என் துறைதான். பாவமாக இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை. துறைத் தலைவரும் யோசித்து முடித்துவிட்டார். நாலாவது பாடமும் சரி.

அம்மாவிடம் நேற்றே பேசிவிட்டார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில். "என் பொண்ணு கெட்டிக்காரி, நீங்கதான் அவளைப் பத்திரமா பாத்துக்கணும்" என்று அம்மா அந்த அதிகாரியம்மாவுக்கே புத்தி சொன்னாளாம்.

அப்பாவுக்கு வரும் சனிக்கிழமை இல்லை, அதற்கு அடுத்தது, 22ஆம் தேதி, காலை பதினொரு மணி. அம்மாவின் போனுக்குத்தான் வரும். அம்மா வேலைக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். அப்பாவை அதன் முன்னால் உட்கார வைப்பது உன் பொறுப்பு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சரி என்றவர் ஒரு போன் செய்திருக்கலாம். அம்மாவின் போனில் என்றாலும் "எப்போ கிளம்பறே?" என்று ஒரு வார்த்தை. போகட்டும். எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடுமா?

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

சனிக்கிழமை நடந்ததை அந்த அதிகாரியம்மா உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் உண்மை அது இல்லை. தயவுசெய்து கடைசிவரை படி. இதையும் யாரிடமும் காட்டாதே. இந்தமுறை நான் அப்பாவுக்குப் பயந்து சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. "அக்கா காலேஜ்ல இருந்து" என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். படம் விட்டு விட்டு வந்தது, அந்த அம்மாவின் முகம் பாதியில் நிற்பதும் நகர்வதுமாக இருந்தது. அவர்கள் தெளிவாகத்தான் கேட்டார்கள், "உங்க மகள் ஒரு செமஸ்டர் வெளிநாட்டுல படிக்கறதுல உங்களுக்குச் சம்மதமா சார்?" என்று.

அப்பா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. இன்னைக்கு லீவு. திங்கட்கிழமை ஆள் வரும்" என்றார்.

அந்த அம்மா திரும்பக் கேட்டார்கள். அப்பா, "அதுவரைக்கும் யாரும் உள்ள ஏற வேணாம். போர்டு மாட்டி வைங்க" என்றார். சொல்லிவிட்டு அணைத்துவிட்டார். என்னிடம் போனைத் தந்து, "எந்தக் கட்டடம்னு சொல்லாமலே பேசறாங்க" என்றார்.

அவர் வேண்டுமென்றே உன்னை அவமானப்படுத்துகிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இவ்வளவு கெட்ட மனசா என்று நினைத்து அடுக்களைக்குப் போய் அழுதேன். அடுப்பில் குக்கர் இருந்தது. அது விசிலடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அப்பாவிடம்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் அடுக்களைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய சுவிட்ச் ஒன்றைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்க அவர் எழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அணைத்தேன். அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அப்பா" என்றேன். பதில் இல்லை.

"அப்பா, நான் கணக்குல பெயில்." துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் சத்தமாக, "அப்பா, நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போறேன்" என்றேன். ஒரு சிறு திருகாணியை எடுத்து ஊதினார்.

அக்கா, நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். என் நிழல் அவர் கை மேல் விழுந்ததும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். "எப்ப வந்தே? சாப்பாடு ஆயிடுச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் கோபத்தில் கத்துவதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவர் சரி சொல்லவே இல்லை, அக்கா. நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. அவருக்குத் தாகம் எடுத்தது, தண்ணீர் குடித்தார். அந்த அம்மா ஏதோ லிஃப்ட் பழுதுக்குக் கூப்பிடுவதாக நினைத்திருக்கிறார். ஜூலையில் நீ அழுததும் விழுந்திருக்காது. போனில் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அதை மறைப்பதற்குத்தான் சீக்கிரமாகக் கொடுத்துவிடுகிறார்.

ஏன் மறைக்கிறார் என்று யோசித்தபிறகுதான் பயமே பிடித்துக்கொண்டது. அவர் வேலை உனக்குத் தெரியும். ஒருத்தர் கீழே பள்ளத்தில் இறங்கி வேலை செய்வார். ஒருத்தர் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று அதை மெதுவாக ஓட்டுவார். கீழே இருப்பவர் "நிறுத்து" என்று கத்தினால் மேலே இருப்பவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அனுபவஸ்தர் என்று எப்போதும் அப்பாவைத்தான் மேலே நிறுத்துகிறார்கள்.

தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாமல் இருந்தால் அதைவிடப் பெரியது ஏதாவது போய்விடும். இதை நான் யாரிடம் சொல்வது? நாளை காலை அவர் வேலைக்குப் போவார்.

உன் தங்கை


பிப்ரவரி 26

தங்கச்சி,

இதற்கு முன் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் முழுக்கக் கோபம்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே அந்த அதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க அப்பா தெளிவா மறுத்துட்டார். கேலியா வேற பேசினார்" என்றார்கள். உன் கடிதம் வருவதற்குள் நான்கு நாள் அவரை மனத்துக்குள் என்னென்னவோ திட்டித் தீர்த்துவிட்டேன். அதையெல்லாம் இப்போது எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

நாங்கள் இருவரும் எதிரும் புதிருமாக நின்று சண்டை போடுகிறோம் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நான் காலியான அறையில் கத்தியிருக்கிறேன். விடுமுறைக்கு வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவரிடம் பேசினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சரி, இப்போது நான் சொல்வதைக் கேள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிடு. நாளை என்று தள்ளாதே. அவர் கோபிப்பாரா, அவமானப்படுவாரா என்பதெல்லாம் அப்புறம். பள்ளத்தில் நிற்கிறவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் உன்னைப் போல ஒருத்தி இருப்பாள். நீ பயந்தாங்கொள்ளிதான், ஆனால் இதைக் கண்டுபிடித்தவள் நீ. எனக்கும் அம்மாவுக்கும் தோன்றவில்லை.

என் விஷயம். மார்ச் 5, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பா நேரில் வந்து சம்மதம் சொன்னால் பார்க்கிறோம் என்றார்கள். இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு. நான் யோசித்துவிட்டேன். புதன்கிழமை நானே விலகிக்கொள்கிறேன். அவருக்கு வேலை என்னாகும் என்று தெரியாத நேரத்தில் நான் எங்கேயோ ஆற்றங்கரையில் கிணற்றை அளந்துகொண்டு இருக்க முடியாது. இங்கே இருந்தால் வாரக் கடைசியிலாவது வீட்டுக்கு வரலாம். அந்தப் பெண்ணாவது சந்தோஷப்படட்டும்.

இதோடு அப்பாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, வேண்டுமானால் நீயும் படி. காதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஜூலையில் போனில் சொன்னதையெல்லாம் திரும்ப எழுதியிருக்கிறேன், இந்தமுறை அழாமல். இந்தப் பரிமாற்றத்தைப் பற்றியும், போகவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் பேசியபிறகு அவர் கையில் கொடு.

அக்கா


மார்ச் 4, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும். துண்டு கதவுக்கு அடியில்தான் இருக்கிறது, பழக்கதோஷம். தூக்கம் வரவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "ஒரு வருஷமா நான் பேசறதுக்கு பதிலே சொல்றதில்ல. என்னை மதிக்கறதில்லன்னு நினைச்சேன்டி" என்றாள். "அவ படிப்பை மாத்தினதைக்கூட நான் அவர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். அவருக்கு எது முக்கியம்னு பாப்போம்னு." அதற்குமேல் அழுதாள் என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

அப்பா வந்ததும் அம்மா அவருக்கு நேர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "உங்களுக்குக் காது கேக்கலை" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "யார் சொன்னா?" என்றார். "குக்கர் சொல்லுச்சு" என்றாள் அம்மா. அக்கா, இவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. "கொஞ்சம் மந்தம். ரெண்டு வருஷமா மோட்டார் சத்தம்" என்றார். "வேலைக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல."

"திங்கட்கிழமை ஆபீஸ்ல நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். "நானே சொல்லிக்கறேன்" என்றார். அன்று சாயங்காலம் வந்து, பட்டறையில் மேசை வேலைக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். பிரித்துப் பூட்டும் வேலை. காது டாக்டரைப் பார்த்தபிறகு மேற்கொண்டு முடிவு செய்வார்களாம். வேலை நிலைக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. பையைத் தூக்கி மூலையில் வைத்தார், வழக்கமாக ஆணியில் மாட்டுவார். அவருக்கும் பயமாக இருக்கிறது, அக்கா. அவர் முகத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் உன் கடிதத்தைக் கொடுத்தேன். நல்ல நேரம் இல்லை என்று தெரியும், ஆனால் நேரம் இல்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் படித்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இவ எப்ப படிப்பை மாத்தினா?"

"ஜூலையில அப்பா."

"நான் எல்லார்கிட்டயும் கணக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மறுபடி படித்தார். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதெல்லாம் என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்றார்.

"நான் சொன்னேன்பா. சாப்பிடும்போது."

"எந்தப் பக்கம் உக்காந்து சொன்னே?"

"இடது பக்கம்."

தலையை ஆட்டினார். "இடது சுத்தமா போச்சு. வலதுல பாதி இருக்கு. முகத்தைப் பாத்தா மீதியும் புரியும். போன்ல முகம் ஏது?" என்றார். இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசி எத்தனை நாளாயிற்று.

பிறகு கோபம் வந்தது, நிஜக் கோபம். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை. "போகலைன்னு எழுதியிருக்காளே, யாரைக் கேட்டு? போறதுக்கும் கேக்கல, போகாததுக்கும் கேக்கல" என்றார். கேட்டாள், மூன்று வழியில் கேட்டாள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "என் காதுக்கு அவ எதுக்கு இங்க உக்காந்திருக்கணும்? அவ உக்காந்தா கேக்குமா?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அதை அவகிட்டயே சொல்லுங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அம்மா வெளியே வந்து அவர் முன்னால் நின்று திரும்பச் சொன்னாள்.

அம்மா உனக்குப் போன் செய்து "புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் எதையும் எழுதிக் கொடுத்துடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளே, அது அப்பா சொன்னதுதான். காரணத்தைச் சொல்லக் கூடாது என்றுவிட்டார். அவர் உன்னிடம் நேராகச் சொல்ல வேண்டுமாம்.

நாங்கள் வருகிறோம், அக்கா. அப்பாவும் நானும். முதல் பஸ்ஸுக்கு. பஸ் நிலையத்தில் அறிவிப்பது அவருக்குக் கேட்காது, அதனால் நான். எனக்கு லீவு கேட்டு அவரே கையெழுத்துப் போட்டார். காரணம் என்று "குடும்ப வேலை" எழுதியிருக்கிறார். அந்த அதிகாரியம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பேசப்போகிறாராம். லிஃப்ட் பழுது என்று நினைத்துப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்கப்போகிறாராம். என்னை அவர் வலது பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

இனிமேல் ஜாடையைப் பார்த்து எதையும் உனக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் இன்று ராத்திரி அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் நின்று, "அக்கா போறதுல உங்களுக்குச் சம்மதமாப்பா?" என்று வாயால் கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார்.

"சம்மதம் இல்லாமயா ராத்திரியில சட்டை தேய்க்கறேன்?" என்றார்.

"சரின்னு சொல்லுங்க."

"சரி."

கேட்டுவிட்டேன், அக்கா. என் இரண்டு காதாலும் கேட்டேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், உன் ரூம்மேட்டிடம்கூட. ஆனால் அந்த இன்னொரு பெண்ணிடம் மட்டும் காட்டாதே, அவள் பாவம். உன் விடுதி அறை என்ன ஆகும் என்பதை நாளை நேரில் பேசலாம். மூன்றாவது மாடி அத்தையின் மகனைப் பற்றி அப்பாவும் கேட்டார், அதனால் நீ திரும்பி வருவாய் என்பதை அவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவை

அப்பா கதவைத் தட்டுகிறார். முதல் பஸ்ஸுக்கு மணி அதற்குள் ஆகிவிட்டது. "வர்றேம்ப்பா" என்று இங்கிருந்து சொன்னால் அவருக்குக் கேட்காது. நான் போய்த் திறக்கும்வரை தட்டிக்கொண்டேதான் இருப்பா